ஏறாதே என்று சொன்ன பெட்டி டீச்சர்

ஹெலினா இறந்தபோது அவளுக்கு இருபத்துமூன்று வயது. தான்சானியாவில் காது கேளாத குழந்தைகளுக்கான ஒரு பள்ளியில் ஒரு வருடம் தொண்டு செய்யப் போயிருந்தாள். அங்கே போய்ச் சேர்ந்த ஏழாவது மாதத்தில், பட்டப்பகலில், பதினான்கு பேர் உட்காரும் வேனில் இருபத்திரண்டு பேர் ஏறிப் போனார்கள். ஓர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வேன் உருண்டது. உடல் புனே வந்து சேரப் பதினோரு நாள் ஆயிற்று.

அவளுடைய அம்மாதான் பெட்டி (Betty) டீச்சர். புனேயின் கட்கி பகுதியில் ஒரு பள்ளியில் முப்பத்தோரு வருடம் கணக்கு நடத்தியவர். அதே பள்ளியில் நான் ஹிந்தி டீச்சர். அவர் கணவர் இன்பநாதன் ராணுவத் தொழிற்சாலையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்திலிருந்து வந்து, கட்கிக்குப் பக்கத்திலிருக்கும் போபோடியில் தங்கிவிட்ட குடும்பம்.

அடக்கம் முடிந்த அடுத்த வருடமே இன்பநாதன் மகள் பெயரில் ஒரு டிரஸ்ட் தொடங்கினார். வெளிநாட்டில் தொண்டு செய்யப் போகும் இளம்பெண்களுக்கு விமான டிக்கெட், தடுப்பூசி, இன்ஷூரன்ஸ் எல்லாம் டிரஸ்ட் பொறுப்பு. எந்த மதத்துப் பெண்ணும் விண்ணப்பிக்கலாம். இன்பநாதன் தலைவர், சர்ச்சில் அவருக்கு நெருக்கமான ஜோஷுவா செயலாளர். பெட்டி டீச்சரும் நானும் இன்னொருவரும் கமிட்டி.

ஜனவரியில், ஹெலினாவின் நினைவு நாளன்று, சர்ச் ஹாலில் கூட்டம் நடக்கும். இன்பநாதன் நன்றாகப் பேசக்கூடியவர். "என் மகளின் தியாகம்" என்று அவர் தொடங்கினாலே முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பெட்டி டீச்சருக்கு அந்த வார்த்தை ஆகாது.

"தியாகமாம் தியாகம்! பிரேக் இல்லாத வண்டியில ஏத்திவிட்டானுவ, செத்துப்போனா. இதுல எங்க இருக்கு தியாகம்?" என்று ஒரு வருடம் டீ கப்புகளைக் கழுவிக்கொண்டே என்னிடம் பொரிந்தார்.

அவர் செய்தது வேறு வேலை. தேர்வான ஒவ்வொரு பெண்ணையும் மூன்று நாள் மத்தியானம் வீட்டுக்கு வரச்சொல்வார். ஏறும் முன் டயரைப் பார், ஆட்களை எண்ணு, பெல்ட் இருக்கிறதா பார், இருட்டிய பிறகு ரோட்டில் பயணம் வைத்துக்கொள்ளாதே. சந்தேகம் வந்தால் எனக்குப் போன் பண்ணு, வேறு வண்டிக்கு டிரஸ்ட் பணம் கொடுக்கும்.

"யாரு சிரிச்சாலும் சரி, யாரு கோவப்பட்டாலும் சரி. ஏறாதே" என்று முடிப்பார்.

பெண்கள் தங்களுக்குள் இதை 'டயர் கிளாஸ்' என்பார்கள். ஒன்பது வருடத்தில் ஒருத்திகூட அந்த நம்பருக்கு வண்டி விஷயமாகப் போன் செய்ததில்லை.

முதலில் செய்தவள் ஸ்நேஹா. விமான் நகரில் வளர்ந்த பெண். அப்பா பத்மநாபன் வங்கி அதிகாரி. கண் பரிசோதனை படித்துவிட்டு, நேபாளத்தில் மலைக் கிராமங்களில் மருத்துவ முகாம் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு எங்கள் டிரஸ்ட் மூலம் போயிருந்தாள். ஜூலை மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவளுடைய போன் வந்தது. நான் அப்போது டீச்சர் வீட்டில்தான் இருந்தேன். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆன்ட்டி, ஜீப் வந்திருக்கு. பின்னாடி டயர் ரெண்டும் ஏக்தம் ப்ளேன், கோடே இல்ல. உள்ள பதிமூணு பேர். மழை வேற. நான் சொன்னா எல்லாரும் சிரிக்கறா."

"பெல்ட் இருக்கா?"

"இல்ல."

"ஏறாதே."

"நாளைக்குக் காலைல கேம்ப், ஆன்ட்டி. கண்ணு டெஸ்ட் பண்ண நான் ஒருத்திதான் இருக்கேன். எல்லாரும் ரொம்ப தூரத்துலேர்ந்து நடந்து வருவா."

"வேற வண்டி பிடி. நாங்க பணம் குடுக்கோம். இதுல மட்டும் ஏறாதே, என் மக்ளே."

ஸ்நேஹா ஏறவில்லை. ஜீப் அவள் இல்லாமல் கிளம்பி, சாயங்காலம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் மண் சரிந்து ரோடு அடைபட்டது. அவள் பிடித்த வாடகைக் கார் மூன்றாம் நாள்தான் மேலே போக முடிந்தது. அதற்குள் முகாமே முடிந்துவிட்டது. கண் காட்ட வந்த எண்பது பேரும் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்ப நடந்து போய்விட்டார்கள். குழுவோடு ஒத்துப்போகத் தெரியாதவள் என்று எழுதி, நிறுவனம் அவளைத் திருப்பி அனுப்பியது. இனி உங்கள் டிரஸ்ட் பெண்களை ஏற்க மாட்டோம் என்று எங்களுக்கும் ஒரு கடிதம் வந்தது.

அவள் வரும் அன்று ஏர்போர்ட்டுக்குப் பெட்டி டீச்சர் போனார். துணைக்கு நானும் போனேன். பத்மநாபன் எங்களைப் பார்த்ததும் நேரே வந்தார்.

"மேடம், உங்க பொண்ணுக்கு நடந்தது பெரிய துக்கம்தான். நான் இல்லேங்கலை. அதுக்காக அந்த பயத்தைக் கொண்டுவந்து என் பொண்ணு தலையில கட்டலாமா?"

அதற்குள் ஸ்நேஹா வெளியே வந்தாள். முகம் வாடியிருந்தது. டீச்சர் அவள் கையைப் பிடித்தார். அவள் மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"ஜீப் சேஃபா போயிடுத்து, ஆன்ட்டி. ஒண்ணுமே ஆகலை. ஒரு டெய்லர் ரெண்டு நாள் நடந்து வந்தாராம், ஊசியில நூல் கோக்க முடியலேன்னு. அவருக்கு ஒரு கண்ணாடி குடுக்க அஞ்சு நிமிஷம் போதும் எனக்கு."

"நீ முழுசா வந்து என் முன்னால நிக்க. எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாது" என்றாள் ஸ்நேஹா. அப்பாவோடு டாக்ஸி பக்கம் போய்விட்டாள்.

அந்த ஜீப் கவிழ்ந்திருந்தால் பெட்டி டீச்சரை எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். கவிழவில்லை. அதனால் அவர் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவர் ஆனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. போன் நம்பரும் வேண்டாம், மூன்று நாள் வகுப்பும் வேண்டாம், இனிப் போகிற பெண்கள் அனுப்பும் நிறுவனத்தின் ஏற்பாடுகளுக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுத்தால் போதும் என்று ஜோஷுவா ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. இப்படியே போனா எந்த நிறுவனமும் நம்ம பிள்ளைகள எடுக்காது" என்றார்.

"பிள்ளைகளப் பயமுறுத்தவா டிரஸ்ட் வச்சோம்?" என்றார் இன்பநாதன். "ஹெலினா எதுக்காவது பயந்தாளா?"

"பயந்தா" என்றார் பெட்டி டீச்சர்.

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"அன்னைக்குக் காலைல எனக்குப் போன் பண்ணினா. வேன்ல பிரேக் கிரீச்சு கிரீச்சுன்னு சத்தம் போடுதும்மா, இதுல நான் வரலன்னு சொல்லிரட்டுமான்னு கேட்டா. போன இடத்துல அடம்பிடிச்சுப் பேரைக் கெடுத்துக்காத, எல்லாரும் போறாங்கல்லா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு சொன்னேன். சரிம்மான்னு வச்சிட்டா."

இன்பநாதன் மனைவி பக்கம் திரும்பினார்.

"பத்து வருஷம். என்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணலியா?"

"தினம் தோணிச்சு. வாய் வரல, என்னங்க."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ ஏறியிருக்க மாட்டா."

"ஆமா" என்றார் டீச்சர். "அதத்தான் இந்தப் பிள்ளைகள்ட்ட சொல்லிட்டு இருக்கேன்."

இன்பநாதன் ஜோஷுவா பக்கம் திரும்பி, "தீர்மானத்த ஓட்டுக்கு விடுங்க" என்றார். முதலில் கை தூக்கியவர் அவர்தான். மற்ற இரண்டு பேரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். டிரஸ்டைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று பிறகு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த நிமிடம் டீச்சர் பக்கம் இருப்பதாகக் காட்டிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. டீச்சர் ராஜினாமாவை அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. இன்பநாதன் குரல் உயர்த்துகிற மனிதர் இல்லை. மனைவி சமைத்ததைச் சாப்பிடுவார், தட்டைத் தானே கழுவி வைப்பார். கேஸ் தீர்ந்தது, கரண்ட் பில் வந்தது என்ற அளவில் பேச்சு நின்றுவிட்டது. நான் போனால் இரண்டு பேரும் என்னிடம் பேசுவார்கள், தனித்தனியாக.

அடுத்த ஜனவரியில் நினைவு நாள் வந்தது. பெட்டி டீச்சர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். நாலாவது வரிசையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த வருடம் தேர்வான ப்ரீதி மேடையேறி உறுதிமொழி படித்தாள். என்னை அனுப்பும் நிறுவனத்தின் எல்லா ஏற்பாடுகளுக்கும் கட்டுப்படுவேன் என்று ஆங்கிலத்தில் நன்றாகப் படித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு இன்பநாதன் எழுந்தார். தியாகம் என்ற சொல்லை அவர் அன்று எடுக்கவே இல்லை.

"என் மகள் ஹெலினா கீழ்ப்படிதல் உள்ள பிள்ளை" என்றார். "அம்மா சொன்ன சொல்லை அவள் ஒருநாளும் தட்டியதில்லை. கடைசி நாள் வரைக்கும் தட்டவில்லை."

ஹால் உருகிப்போனது. எனக்குப் பின்னால் யாரோ விசும்பினார்கள். அந்த வாக்கியம் யாருக்காகச் சொல்லப்பட்டது என்று அங்கே கமிட்டிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். டீச்சர் அசையாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைத் தொட்டேன். அவர் தன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்து டீ கொடுக்கும்போது ப்ரீதி எங்களிடம் வந்தாள். அடுத்த வாரம் கென்யா கிளம்புகிறாளாம். அங்கே அவள் வேலை செய்யப்போகும் பள்ளிக்கூடத்திலிருந்து ஆறு மணி நேரம் ரோட்டில் போனால்தான் பெரிய ஊர் வருமாம்.

"ஆன்ட்டி, நீங்கதான் ஹெலினாவோட அம்மான்னு சொன்னாங்க. எனக்கு ஏதாவது சொல்லுங்க, ப்ளீஸ்."

பெட்டி டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வாய் திறந்தார். மூன்றடி தள்ளி இன்பநாதன் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார், ஜோஷுவா எங்களையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா போயிட்டு வாம்மா" என்றார் டீச்சர்.

ப்ரீதி தேங்க்யூ சொல்லிவிட்டு அடுத்தவர்களிடம் போனாள். டீச்சர் டீயைக் குடிக்காமல் கப்பை மேஜையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். ரோட்டுக்கு வந்து, ஒரு ரிக்ஷாவை நிறுத்தி, தனியாக ஏறிப் போனார்.