கட்டைக்கு இந்தப் பக்கம் பொங்கல்

தாமல் ஏரிப் பாய்ச்சலில் கிருஷ்ணம்மாளுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் அப்பா அதை மூத்தவளான அவள் பேரிலேயே எழுதி வைத்திருந்தார். உழவு, நடவு, கூலி பேசுவது, நெல்லுக்கு விலை சொல்வது எல்லாம் அவள்தான். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த குப்புசாமி மாடுகளைப் பார்த்துக்கொள்வான். மற்றதற்கெல்லாம் மனைவி முகத்தைப் பார்ப்பான்.

தங்கை தேவகியை மேற்கே ஓச்சேரியில் கொடுத்திருந்தது. கூடப்பிறந்தவன் இல்லாதவள் என்று அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. அதனால் அண்ணன் செய்யவேண்டிய பொங்கல் சீரை வருஷம் தவறாமல் கிருஷ்ணம்மாளே கொண்டுபோவாள். புது அரிசி, வெல்லம், ஒரு கட்டுக் கரும்பு, மஞ்சள் கொத்து, தேவகிக்கு ஒரு புடவை.

ஓச்சேரிக்கு நடந்தே போய் வந்துவிடலாம். ஆனால் தாமல் செங்கல்பட்டு மாவட்டம், ஓச்சேரி வட ஆற்காடு. அறுபதுகளின் நடுவில், அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில், ஒரு மாவட்டத்து அரிசி பெர்மிட் இல்லாமல் அடுத்த மாவட்டத்துக்குப் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. மாவட்ட எல்லையில் சாலைக்குக் குறுக்கே ஒரு சவுக்குக் கட்டையைப் போட்டுப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை ஒன்றும் கட்டினார்கள். வருகிற பஸ்ஸையெல்லாம் நிறுத்தி சீட்டுக்கடியில் குச்சியை விட்டுக் குத்திப் பார்த்தார்கள்.

அந்த வருஷம் கிருஷ்ணம்மாளின் பை பிடிபட்டது. ஆறு படி அரிசி.

"இன்னாய்யா இது, என் நெலத்துல வெளைஞ்சது. என் தங்கச்சிக்குத்தான் எட்துகினு போறேன்" என்றாள்.

"பெர்மிட் இருக்குதா?"

"தங்கச்சிக்குக் குடுக்கறதுக்குப் பெர்மிட்டா?"

பையை இறக்கிக்கொண்டார்கள். கரும்பு போகலாம், மஞ்சள் போகலாம், வெல்லம் போகலாம் என்று மற்றதைத் திருப்பித் தந்தார்கள். ஓச்சேரியில் தேவகி ஒன்றும் கேட்கவில்லை. அவள் மாமியார்தான், "அரிசி மறந்துட்டியா கிஸ்ணம்மா?" என்றாள். கிருஷ்ணம்மாளுக்கு அந்த இரவு சோறு இறங்கவில்லை.

அதே மாதம் குதிரில் இருந்த நெல்லை அளக்க நாலு பேர் வீட்டுக்குள்ளேயே வந்தார்கள். ஒருவன் குதிர்மேல் ஏறிக் கம்பியை விட்டுப் பார்த்தான். இன்னொருவன் நோட்டை விரித்துக்கொண்டு, "இந்த வீட்ல எவ்ளோ சாப்பிடுவீங்க?" என்று கேட்டான்.

"பசிக்கிற நாளைக்கா, பசிக்காத நாளைக்கா? எதுன்னு கேட்டுக்கினு எழுது" என்றாள் கிருஷ்ணம்மாள். குப்புசாமி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"கவர்மெண்டுகிட்ட வெச்சுக்காத கிஸ்ணம்மா. அவங்க நெனச்சா இன்னாவும் பண்ணுவாங்க."

"நானும் அதத்தான் கேக்கறேன். அவங்க இன்னா நெனச்சாலும் பண்ணலாமா?"

அடுத்த வருஷம் முறைப்படி போய்விடலாம் என்று மார்கழியிலேயே காஞ்சிபுரம் தாலுகா ஆபீசுக்குப் பஸ் ஏறினாள். முதல் நாள் மனு எழுதி வரச் சொன்னார்கள். இரண்டாம் முறை போனபோது அதிகாரி வெளியூர் முகாமில் இருந்தார். மூன்றாம் முறை அவர் மனுவைப் படித்துவிட்டுத் தலை நிமிராமலே கேட்டார்.

"கல்யாணமா, சாவா?"

"பொங்கல் சீருங்க."

"ரெண்டுக்குத்தாம்மா பெர்மிட் குடுக்கலாம். கல்யாணம்னா பத்திரிகை கொண்டா. சாவுன்னா சர்டிபிகேட் கொண்டா."

"பெர்மிட்டுக்காக என் தங்கச்சிய சாவச் சொல்றீங்களாய்யா?"

மேஜைக்கு மேஜை சிரிப்பு எழுந்தது. அதிகாரியும் சிரித்தார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

வாசலில் வேப்பமரத்தடியில் மனு எழுதித் தருகிற தாவீது உட்கார்ந்திருந்தார். அவளுடைய மனுவை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். கிருஷ்ணம்மாள் அவர் முன்னால் குந்தினாள்.

"இன்னொரு மனு வேணாம். அந்த உத்தரவுல இன்னாதான் போட்டுக்குது, அத எனக்குப் படிச்சுக் காட்டுய்யா."

மனு எழுதுகிற இத்தனை வருஷத்தில் உத்தரவைப் படித்துக் காட்டச் சொல்லி யாரும் தாவீதிடம் கேட்டதில்லை. தகரப் பெட்டியைத் துழாவி ஓரம் கிழிந்த அச்சுத்தாளை எடுத்து நிறுத்தி நிறுத்திப் படித்தார். நெல். பச்சரிசி. புழுங்கலரிசி. நொய். அரிசி மாவு.

"அப்பறம்?"

"அவ்ளோதாம்மா."

"சோறு?"

தாவீது மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். "சோறு இல்ல" என்றார். பிறகு அவருக்கும் புரிந்துவிட்டது. அன்றைக்கு அவளிடம் காசு வாங்கவில்லை.

காணும் பொங்கலன்று காலையில் கிருஷ்ணம்மாள் வண்டியைப் பூட்டச் சொன்னாள். பெரிய வெண்கலப் பானை, விறகு, ஆறு படி அரிசி, வெல்லம், பாசிப்பருப்பு, ஒரு சொம்பு நெய். கட்டைக்கு இருபதடி முன்னால், செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, புளியமரத்து நிழலில் மூன்று கல் கூட்டி அடுப்புப் பற்ற வைத்தாள். சொல்லி அனுப்பியிருந்தபடி அந்தப் பக்கத்திலிருந்து தேவகியும் அவள் புருஷனும் பிள்ளைகளும் மாமியாரும் நடந்து வந்தார்கள். ஆட்கள் போய்வரத் தடையில்லை.

சோதனைக்கு இருந்த பஞ்சாட்சரம் கும்பகோணத்துப் பக்கத்து இளைஞன். லீவு கிடைக்காமல் மூன்று நாளாகக் கொட்டகையிலேயே கிடந்தான். புகையைப் பார்த்து ஓடி வந்தான்.

"என்னம்மா பண்றீங்க இங்க?"

"பொங்கல் வெக்கறேன் தம்பி."

"அரிசி எங்க?"

"பானைல பாரு. வெந்துனு இருக்குது."

"இத அந்தப் பக்கம் கொண்டுபோவீங்களா?"

"ஆமா. உங்க உத்தரவுல பொங்கல் போட்டுக்குதான்னு படிச்சுப் பாரு. போட்டிருந்தா இங்கியே கவுத்துட்டுப் போறேன்."

பஞ்சாட்சரம் கொட்டகைக்குப் போய்த் தாளை எடுத்துப் படித்தான். வெளியே வந்து பானையைப் பார்த்தான், மறுபடி உள்ளே போனான். குப்புசாமி மாட்டின் கழுத்துக்குப் பின்னால் மறைந்து நின்றான். தேவகி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பானை பொங்கி வழிந்தது. பிள்ளைகள் பயத்தையெல்லாம் மறந்து "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள்.

பஞ்சாட்சரம் தாளை மடித்துப் பையில் வைத்தான். "மேலதிகாரி கேட்டா நான் என்ன சொல்றது?" என்றான் தணிந்த குரலில்.

"அரிசி போவலன்னு சொல்லு. அது நெசந்தானே?" என்று சொல்லிவிட்டுக் கிருஷ்ணம்மாள் ஒரு வாழையிலையை உதறிப் போட்டாள். "மொதல்ல உக்காரு. ஊர விட்டு வந்து கெடக்கற புள்ள."

அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு உட்கார்ந்தான். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். பிறகு அவனே போய்க் கட்டையைத் தூக்கினான். தேவகியும் அவள் புருஷனும் ஆளுக்கொரு பக்கம் துணி சுற்றிப் பானையைப் பிடித்துக்கொண்டு வட ஆற்காட்டுக்குள் நடந்தார்கள். பின்னாலேயே போன மாமியார் திரும்பிப் பார்த்து, "நெய் நல்லா ஊத்தியிருக்கறே கிஸ்ணம்மா" என்றாள்.

அடுத்த பொங்கலுக்கு அந்தப் புளியமரத்தடியில் ஏழு அடுப்புகள் எரிந்தன. அதற்கடுத்த வருஷம் எண்ண முடியவில்லை. இரண்டு பக்கத்து ஊர்களிலிருந்தும் அக்கா தங்கைகள், அண்ணன் தம்பிகள் வந்து கூடினார்கள். பஞ்சாட்சரம் மாற்றலாகிப் போனபின் வந்தவர்களும் பழைய வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துப் பேசாமல் இருந்தார்கள்.

உத்தரவு ஒருநாள் தளர்ந்தது. கட்டை இருந்த இடத்தில் பஸ் நிற்காமல் போனது. கிருஷ்ணம்மாள் பத்துப் படி அரிசியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்து ஓச்சேரியில் போய் இறங்கினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தேவகி பையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இம்மாம் அரிசி எதுக்குக்கா?" என்றாள்.

"சும்மாதான்" என்றாள் கிருஷ்ணம்மாள். அன்றைக்கு அவள் இரண்டு வேளையும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு, தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள்.