கழுத்தில் வைத்த கை

மகேஸ்வரனை முல்லைத்தீவில் 'இடக்கால்' என்றுதான் கூப்பிடுவார்கள். இடது காலால் அவன் பந்தை அடித்தால் கோல் காக்கும் கோலி திரும்புவதற்குள் வலை ஆடும். பத்தொன்பது வயதில் மாவட்டக் கால்பந்து அணியில் இடம் கிடைத்தது. அதோடு சரி. ஒரு மாலைப் பயிற்சியின்போது ஷெல் குண்டு நடுமைதானத்தில் விழுந்து மூன்று பேரைச் சிதறடித்தது. இரும்புச் சில்லு ஒன்று அவன் இடது தொடையில் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது.

பிறகு படகேறி மலேசியா. வந்ததும் தடுப்பு முகாம், பதினோரு மாதம். அங்கே வாங்கிய அடியில் ஒரு காது செவிடானது.

"இன்னொருக்கா அங்க போட்டால் உயிரோட வரமாட்டன்," என்று மனைவி செல்வராணியிடம் சொல்லியிருந்தான். அவள் மலேசியாவிலேயே, சாஆ என்ற தோட்ட ஊரில் பிறந்தவள்; அவனும் அங்கேயே தங்கிவிட்டான். அடையாள அட்டை இல்லாததால் போலீஸ் வண்டியைக் கண்டால் செம்பனைத் தோட்டத்துக்குள் பாய்ந்துவிடுவான். "கோச் இன்னும் நல்லாத்தான் ஓடுறாரு லா!" என்று ஊரே கிண்டலடிக்கும்.

ஆமாம், சாஆ தோட்ட அணிக்கு அவன்தான் கோச். வாயைத் திறந்தால் வசவுதான். ஆனாலும் தோற்றே பழகியவர்களை இறுதி ஆட்டம் வரை இழுத்து வந்துவிட்டான்.

பண்டார் தெங்காரா ஊர் அணியோடு ஆட்டம். கடைசி நிமிடப் பெனால்டியை லாரி ஓட்டுநர் ரூபேந்திரன் பாய்ந்து தடுத்தான். அவன்தான் சாஆவின் கோலி. அவ்வளவுதான், எதிரணி ஆட்கள் திடலுக்குள் புகுந்துவிட்டார்கள். கொடிக்கம்பு, ஹெல்மெட், நாற்காலி, எது கிடைத்தாலும் மண்டையில். ஒரு தகரக் கோப்பைக்கு இவ்வளவு வெறி, வெட்கக்கேடு! எவனோ உடைந்த பாட்டிலை ரூபேந்திரனின் கழுத்தில் செருகிவிட்டு ஓடினான்.

மகேஸ்வரன் விழுந்தடித்து வந்து உள்ளங்கையால் காயத்தை அமுக்கினான். விரலிடுக்கில் ரத்தம் பீறிட்டது. முதுகில் நாற்காலி இறங்கியது. அப்போதும் கையை எடுக்கவில்லை. சைரன் கேட்டதும் அடித்தவர்கள், அடி வாங்கியவர்கள் எல்லாருமே பறந்துவிட்டார்கள்.

செல்வராணி ஓடி வந்தாள். "ஐசி இல்லாத ஆளு நீங்க! ஓடுங்க, நான் அமுக்கிக்கிறேன்!"

"கை மாத்தினால் செத்துப் போவான். விடு!"

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்த பிறகுதான் கையை எடுத்தான். பக்கத்தில் பாட்டில், கையெல்லாம் ரத்தம், அடையாள அட்டையும் இல்லை. குத்தியது இவன்தான் என்று போலீஸ் விலங்கு மாட்டியது. உண்மையைச் சொல்ல வேண்டிய ரூபேந்திரனோ நினைவின்றிக் கிடந்தான். செல்வராணி தொண்டை கிழியக் கத்தினாள். பெண்டாட்டி பேச்சு எடுபடுமா?

"பொழைச்சிருவான்னு சொல்றாங்க," என்றாள், போலீஸ் வண்டிக் கம்பியைப் பிடித்தபடி. "உங்கள என்ன பண்ணப் போறாங்களோ!"

மகேஸ்வரன் விலங்கிட்ட கையால் அவள் விரலைப் பற்றினான்.

"அவன் கண் முழிச்ச உடன கெதியா வந்து சொல்லச் சொல்லு, ராணி. எனக்குப் பயமாக் கிடக்கு."