தொட்டிக்கு உறை ஊற்றிய கதை

கொதித்த தண்ணீரைப் பளிச்சக்கா சூட்டோடு சிங்க்கில் ஊற்றமாட்டாள். உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீராக இருந்தாலும் சரி, எண்ணெய்ப் பாத்திரம் கழுவப் போட்ட வெந்நீர் மிஞ்சினாலும் சரி, ஜன்னலோரம் வைத்து, விரலை விட்டுப் பார்த்து, ஆறிய பிறகுதான் ஊற்றுவாள். அதுவரை அடுப்படியில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பாத்திரத்தைப் பார்த்து அவளுடைய நாத்தனார் பல வருஷமாகப் பல்லைக் கடிக்கிறாள்.

"குழாய்க்குள்ள யார் அண்ணி குளிச்சுக்கிட்டு இருக்காங்க, சுட்டுடும்னு பயப்படறதுக்கு?"

"இருக்காங்கடி" என்பாள் பளிச்சக்கா. மறுபடி விரலை விட்டுப் பார்ப்பாள்.

பளிச்சக்கா என்பது வேலையிடத்தில் வந்த பெயர். பல வருஷத்துக்கு முன்னால், அவள் வீடு இருக்கும் குடியிருப்பின் கடைசித் தெருவைத் தாண்டி, மதிலுக்குள் இருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கூட்டிப் பெருக்க அவள் வந்து சேர்ந்தாள். வீட்டில் நிலையான சம்பளம் அவளுடையது மட்டும்தான். வந்த கொஞ்ச நாளிலேயே கைப்பிடிக் கம்பிகளில் முகம் பார்க்கலாம் என்று ஆனது. மோட்டார் அறைத் தரையில் எண்ணெய்ப் பிசுக்கைக் காணோம்.

"கொஞ்ச நேரம் ஒரே இடத்துல நின்னா என்னையும் தேய்ச்சுடுவீங்க போலிருக்கேக்கா" என்று மோட்டார்களை ஓட்டும் ஆபரேட்டர் ஒதுங்கி ஒதுங்கி நடப்பார்.

அவள் கைக்கு அடங்காதது ஒன்றே ஒன்று, நடுவில் இருந்த பெரிய தொட்டி. வீட்டுக் கழிவுநீர் எல்லாம் முதலில் அதில்தான் வந்து விழும். அடியிலிருந்து காற்று குமிழ்விட, பழுப்பாக நுரை கட்டி, ஓயாமல் கொப்பளித்துக்கொண்டே கிடக்கும். அதற்கப்புறம் அந்தத் தண்ணீர் அடுத்த தொட்டியில் தெளிந்து, கடைசித் தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் கலந்து, மதிலுக்கு வெளியே உள்ள குளத்துக்குப் போகும். அந்தப் பழுப்பைப் பார்க்கும்போதெல்லாம், யாரோ கழுவாமல் போட்டுவிட்டுப் போன சட்டியைப் பார்த்ததுபோல அவளுக்குக் கை துறுதுறுக்கும்.

ஒருநாள், மறுநாளே மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் தண்ணீர் எடுத்துப் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னார்கள். வீட்டுக்கு ஆள் வரும்போது அழுக்குச் சட்டியை நடுக்கூடத்தில் வைப்பார்களா? மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கடைசித் தொட்டிக்கென்று அடுக்கியிருந்த ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகளைத் தரதரவென்று இழுத்துவந்து பெரிய தொட்டியில் கவிழ்த்தாள். நுரை வெளுத்தது. மருந்து நெடி மூக்கில் ஏறியது. அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது.

மறுநாள் அதிகாரிகள் பாட்டிலில் பிடித்த தண்ணீர் சாம்பல் கரைத்ததுபோல் கலங்கியிருந்தது. நிலையத்தின் பொறியாளர் அம்மா பெரிய தொட்டியின் விளிம்பில் குனிந்தார்; மருந்து நெடி முகத்தில் அடித்தது. யார் செய்தது என்று கேட்கவேண்டிய தேவையே வரவில்லை. காலி மூட்டைகள் நாலாக மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, பக்கத்திலேயே அடுக்கியிருந்தன. அந்த நிலையத்தில் காலிச் சாக்கை மடித்து வைக்கிற ஆள் ஒருத்திதான்.

"அத்தனையும் உசுருக்கா" என்று ஆபரேட்டர் தலையில் கை வைத்தார். "அதுங்கதான் அழுக்கத் தின்னு தண்ணிய தெளிய வச்சது. ஒண்ணு விடாம கொன்னுட்டீங்க."

"உசுரா? இந்தச் சாக்கடையிலயா?"

அதிகாரிகள் கெடு வைத்தார்கள். அடுத்த முறையும் தண்ணீர் இப்படியே இருந்தால் உரிமம் ரத்து, எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பவேண்டியதுதான். பளிச்சக்கா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தன் வேலை போனால் தன் தலையெழுத்து. தன்னால் இத்தனை பேர் அடுப்பு அணையப் போகிறதே!

"அழுதா ஆகுமா? வீட்ல பாலுக்கு உறை ஊத்த மாட்டீங்க?" என்றார் பொறியாளர் அம்மா. "உறை தீந்துபோச்சுன்னா பக்கத்து வீட்ல வாங்குவோம்ல, அதே கணக்குதான்."

பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து ஒரு டேங்கர் வந்தது. மருந்து நெடி அடங்கியிருந்த தொட்டியில் கொழகொழவென்று பழுப்புச் சேற்றை இறக்கினார்கள். அதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து, பொறியாளர் அம்மா பளிச்சக்காவை நுண்ணோக்கிக்கு முன் உட்கார வைத்தார்.

முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு திடீரென்று ஓர் ஊரே தெரிந்தது. மெல்லிய காம்புகளின் நுனியில் கண்ணாடியால் செய்ததுபோல் மணிகள். ஒவ்வொன்றின் வாயோரமும் சுழன்று சுழன்று எதையோ உள்ளே இழுத்தது. ஒரு காம்பு சட்டென்று சுருண்டு பதுங்கியது, பயம் தெளிந்தாற்போல் மெல்ல நீண்டது.

"என்ன பண்ணுதுங்க?"

"சாப்பிடுதுங்க. நீங்க, நான், உங்க நாத்தனார் எல்லாரும் கழுவி ஊத்துனத."

அவள் கண்ணை எடுக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு மனிதர்கள் தள்ளிவிட்டது அத்தனையையும், முகம் சுளிக்காமல், ராப்பகலாகத் தின்று தெளியவைக்கும் ஒரு கூட்டம். அதைத்தான் அழுக்கு என்று நினைத்துக் கழுவியிருக்கிறாள். தன்னையறியாமல் காலிலிருந்த செருப்பை ஓரமாகத் தள்ளினாள்.

அதற்கப்புறம் காத்திருப்புதான். கழிவுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். ஆபரேட்டர் தினமும் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் மொண்டு அசையாமல் வைப்பார். பழுப்பு அடியில் படிந்தால் உறை பிடித்துவிட்டது என்று அர்த்தம். நாளாகியும் குடுவை கலங்கலாகவே நின்றது. பளிச்சக்கா எட்டிப் பார்ப்பாள், முகம் தொங்கிப்போய் விளக்குமாற்றை எடுப்பாள்.

ஒருநாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பு திரிதிரியாகத் திரண்டது. மழைமேகம் ஒன்று சத்தமில்லாமல் தரைக்கு வருவதுபோல் இறங்கியது. மேலே நின்ற தண்ணீர் வழியாக, குடுவைக்குப் பின்னால் இருந்த தன் விரல் ரேகை அவளுக்குத் தெரிந்தது.

"இது அந்தத் தண்ணியா?" என்றாள்.

"அதே தண்ணிதான்க்கா. தேய்க்காமலே பளிச்சுன்னு இருக்குல்ல?"

அதிகாரிகள் வந்தார்கள், பாட்டிலில் பிடித்தார்கள், கொண்டுபோய்ப் பார்த்தார்கள். தண்ணீர் சட்டம் சொல்லும் அளவுக்குள் இருந்தது. பளிச்சக்கா குளத்தங்கரையில் போய் உட்கார்ந்து, குழாயிலிருந்து விழும் தண்ணீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பாத்திர வெந்நீர் வழியிலேயே ஆறிவிடும், தொட்டிக்கு ஒன்றும் ஆகாது என்று பொறியாளர் அம்மா எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் ஆற வைத்துத்தான் ஊற்றுகிறாள்.

நிலையம் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. பளிச்சக்கா அங்கேதான் பெருக்குகிறாள். கம்பிகள் மின்னுகின்றன, பெரிய தொட்டி பழுப்பாகவே இருக்கிறது. ப்ளீச்சிங் பவுடர் அறையின் சாவி மட்டும் ஆபரேட்டரின் இடுப்பில் தொங்குகிறது.