இனி இங்கே உங்களுக்கு வேலை இல்லை

வீட்டு வைஃபை பார்க்கிறவனின் பிழைப்பும் ஆட்டோக்காரர் பிழைப்பு மாதிரிதான்: வழி தெரியாதவர்கள் நம்மிடம் வருவார்கள், போய்ச் சேர்ந்த பிறகு நம்மையே திட்டுவார்கள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் பத்து வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். ரவுட்டர், கேபிள், செட்டாப் பாக்ஸ் என்று வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள் உங்களில் இருந்தால், என் பாடு சொல்லாமலே விளங்கும். நான் கூடுதலாக ஒரு வித்தை கற்று வைத்திருந்தேன். அந்த வித்தையால் ஒரு பெண்ணின் வேலைக்கே உலை வைக்க இருந்தேன். அதைக் கடைசியில் ஒப்புக்கொள்கிறேன். முதலில் சிரிக்கக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன்.

வித்தை இதுதான்

டவுன்ஷிப்பில் வந்து இறங்கி, "முருகேசன் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் காட்டமாட்டார்கள். பிளாக் நம்பரும் குவார்ட்டர்ஸ் நம்பரும் வேண்டும். இன்டர்நெட்டிலும் அதே கதைதான். நாம் ஒரு தளத்தின் பெயரை அடித்தால், அந்தப் பெயருக்கு நம்பர் என்ன என்று வெளியே விசாரித்துவிட்டுத்தான் ஃபோன் அங்கே போகிறது. அந்த விசாரணையை ரவுட்டரிலேயே மறித்து, "இந்தப் பெயரைக் கேட்டால் இந்த நம்பரைச் சொல்" என்று நான் எழுதி வைத்துவிட்டால், அந்த வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லா ஃபோனும் நான் சொன்ன இடத்துக்குத்தான் போகும்.

இதை ஒரு டீச்சரம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவருக்கு மகளின் ஃபோனில் ஏதோ ஒரு விளையாட்டுத் தளம் திறக்கக்கூடாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப பொய் சொல்றதுக்குன்னு வீட்டுக்குள்ள ஒரு ஆளை வைக்கிறீங்க. எங்க வீட்ல அதுக்கு ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார் தம்பி."

ஸ்கோர் தெரியாத வீடு

நிலக்கரி மைன்ஸில் ஜெனரல் ஷிஃப்ட், அதாவது பகல் வேலை, பார்க்கும் ஒரு அப்பா. மகனுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. வீட்டில் யாரும் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கவே முடியாதபடி செய்யச் சொன்னார். "யாருமேவா சார்?" என்று இரண்டு முறை கேட்டேன். "படிக்கிற பையன் இருக்கிற வீட்டில் எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்றார். நாலைந்து தளங்களின் பெயர்களை எழுதி அடைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மேட்ச். பாதி ஆட்டத்தில் ஃபோன். பின்னால் குக்கர் விசில் கேட்டது, அவர் குரல் அதற்கும் கீழே கேட்டது. "பாஸ்கர், என் ஃபோனுக்கு மட்டும் ரகசியமா திறந்து விடுங்க. நானா பரீட்சை எழுதப் போறேன்?"

சாரைத் தடுத்த அம்மா

முருகேசன் சார் முப்பத்தைந்து வருஷம் மைன்ஸில் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். விருதுநகர் பக்கத்துக்காரர். ஓய்வு பெற்றது கம்பெனிக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியவில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து குளித்து, விபூதி பூசி, கம்பெனியின் பழைய அறிவிப்புத் தளத்தைத் திறந்துவிடுவார். ஷிஃப்ட் அட்டவணை, டெண்டர், ஆள் எடுக்கும் பட்டியல் எல்லாம் அதில்தான் வரும். பிறகு, வேலையில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அந்த ஆளை ஏன் அந்த ஷிஃப்டில் போட்டீர்கள் என்று விசாரணை.

அவர் மனைவி சாந்தியம்மாதான் என்னைக் கூப்பிட்டார். சும்மா அடைத்தால் ரிப்பேர் என்று நினைத்து மறுபடி என்னைத்தான் வரச் சொல்வார் என்பதால், ரவுட்டருக்குள்ளேயே ஒரு சின்னப் பக்கம் எழுதி வைத்தேன். அந்தத் தளத்தின் பெயரை அடித்தால் இந்தப் பக்கம் வரும். மஞ்சள் பார்டர், மேலே காபி டம்ளர் படம், நடுவில் இரண்டு வரி: "இனி இங்கே உங்களுக்கு வேலை இல்லை. நிம்மதியாக வீட்டில் இருங்கள்." அந்தக் காலத்துத் தளம், முகவரிக்குப் பக்கத்தில் வரும் பாதுகாப்புப் பூட்டுக் குறியெல்லாம் கிடையாது. அதனால் ஃபோனும் சந்தேகப்படாமல் காட்டியது. சாந்தியம்மா அதைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து சாரைக் கடைவீதியில் பார்த்தேன். கோபிப்பாரோ என்று ஒதுங்கினேன். அவரே கிட்டே வந்து தோளில் கை போட்டார். "ரெண்டாம் நாளே மொட்டை மாடிக்குப் போயிட்டேம்பா. அங்க வைஃபை எட்டாது, செல்லு டவர்லயே திறக்குது. அம்மாகிட்ட சொல்லிராத."

ரவுட்டர் குடிபோன கதை

எங்கள் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது ஒரு வழக்கம் உண்டு. பழைய கட்டில், ஸ்டெபிலைசர், துணி காயப்போடும் கம்பி என்று எடுத்துப் போக மனமில்லாதவற்றை, அந்த வீட்டுக்கு உதவியாக இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சாந்தியம்மா வடலூரில் கட்டிய சொந்த வீட்டுக்குப் போகும்போது ரவுட்டரை தேவகிக்குக் கொடுத்தார். தேவகி பக்கத்துக் கிராமம். ஐ.டி.ஐ. முடித்தவள். டவுன்ஷிப் பூங்காக்களில் தண்ணீர் பாய்ச்சும் காண்ட்ராக்ட் வேலையில் இருந்தாள், சாந்தியம்மா வீட்டுச் செடிகளையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். கொடுக்கும் முன் சாந்தியம்மா என்னைக் கூப்பிட்டு, ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டார். ஒரு ஊசியை எடுத்து ரீசெட் பொத்தானை அழுத்தியிருந்தால் போதும். நான் வேறு வீட்டில் ஏணி மேல் நின்றுகொண்டு, "அப்படியே குடுத்துடுங்கம்மா, ஓடும்" என்றேன்.

எட்டு மாதம் அது ஓடத்தான் செய்தது. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் தேவகி ரவுட்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தாள். வீட்டில் இணைப்பை நிறுத்திவிடப் போகிறார்களாம், ரவுட்டர் யாருக்காவது ஆகுமா என்று கேட்டாள். ஏன் என்றேன். கம்பெனியில் நிரந்தர வேலைக்கு எழுதியிருந்தாளாம். சான்றிதழ் சரிபார்க்க வேண்டியவர்கள் பட்டியல் வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, வீட்டில் உட்கார்ந்து கம்பெனியின் அந்தப் பழைய அறிவிப்புத் தளத்தைத் திறந்தாளாம். ஃபோனை நீட்டினாள். படம் பிடித்து வைத்திருந்தாள். மஞ்சள் பார்டர். காபி டம்ளர்.

காண்ட்ராக்டில் இருக்கிறவர்கள் என்றைக்காவது வரும் என்று பயந்துகொண்டே இருக்கும் வாக்கியம் அது. அதை நான் அழகாக பார்டர் போட்டு எழுதியிருக்கிறேன். நான்கு நாளாக அவள் பூங்கா வேலைக்கும் போகவில்லை. வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறதே, இருந்துவிட்டாள். கடைக் கணினியில் அதே தளத்தைத் திறந்தேன். மூன்றாம் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. சரிபார்ப்புக்குக் கடைசி நாள், மறுநாள் காலை பத்து மணி. யார் எழுதியது, எதற்கு எழுதியது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். திரையில் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நெசமா, இல்ல இதுவும் நீங்க எழுதுனதாண்ணே?" என்றாள்.

ஒரு நாள் டியூட்டி

ஐ.டி.ஐ. சான்றிதழ் அவளிடம் இருந்தது. ஆனால் நான்கு நாள் சொல்லாமல் நின்றதற்கு சூப்பர்வைசர் பேரை வெட்டியிருந்தால், வேலை பார்த்த சான்று கிடைக்காது, எல்லாம் பாழ். முருகேசன் சாரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையில், பையில் பேனாவோடு, முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். சூப்பர்வைசரிடம் அவரே பேசினார். ஒரு காலத்தில் தான் எத்தனை பேருக்கு ஷிஃப்ட் போட்டவர் என்பதில் ஆரம்பித்து, காபி டம்ளர் படம் வரை விளக்கினார். சூப்பர்வைசருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார், அது இன்னும் உறுத்துகிறது. பேர் வெட்டவில்லை. கையோடு சான்று எழுதிக் கொடுத்தார். ஒன்பதே முக்காலுக்கு தேவகி வரிசையில் நின்றாள். வெளியே வேப்பமரத்தடியில் சார் டீ குடித்துக்கொண்டே சொன்னார். "இன்னைக்கு நல்ல டியூட்டிப்பா. அடுத்து எப்ப?"

இரண்டு மாதம் கழித்து தேவகி கடைக்கு வந்தாள். கையில் நிரந்தர வேலைக்கான ஆர்டர். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்டேன், அதற்கு முன்னும் பலமுறை கேட்டதுதான். அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க எழுதுனத ஒடனே நம்பிக்கினு நாலு நாளு வூட்ல குந்திக்கினு இருந்தேன். இந்த ஆர்டர நம்பறதுக்குத்தாண்ணே ரெண்டு நாளு ஆச்சி."

ரவுட்டருக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறவன், அது அடுத்து எந்த வீட்டுக்குக் குடிபோகிறது என்பதையும் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் புரிய, பத்து வருஷ சர்வீஸும் ஒரு காபி டம்ளர் படமும் தேவைப்பட்டன.