மாடி வீட்டு அக்காவின் குரல்

போன மார்கழியில் நடந்தது இது. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மேல் வீட்டில் இருக்கும் அக்கா ஒரு மாலை இறங்கி வந்தார். தொண்டையில் கட்டி. பொங்கல் கழித்து ஆபரேஷன்; அதன் பிறகு பேச முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பார்வையற்ற மாணவர்களுக்காக நான் வீட்டிலேயே பாடங்களைப் படித்துப் பதிவு செய்பவள். அது அக்காவுக்குத் தெரியும்.

“போறதுக்குள்ள என் கொரலப் புடிச்சி வெச்சுக் குடும்மா. வேற யாரு பேசினாலும் அவருக்குப் பாதிதான் காதுல வுழுது. நான் பேசினாத்தான் புரியுது.”

அக்காவின் கணவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு மைன்ஸில் வேலை. முப்பது வருட இயந்திர இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. காதுக் கருவி வாங்கியும் போட்டுக்கொள்வதில்லை.

தினமும் சொல்லும் வார்த்தைகளை அக்கா பேசினார். சாப்பாடு, மாத்திரை, கேஸ் அடுப்பு. “இன்னாங்க” என்பதை மட்டும் பல விதமாக. “கோவமா ஒண்ணு தனியா எடுத்துக்க, அதான் அடிக்கடி வேணும்” என்றார்.

அக்காவின் குரல் எங்கள் பிளாக்கில் பிரசித்தம். கம்மியிருந்தபோதும் அந்தக் கூர்மை போகவில்லை. சண்டைக்காரி என்று சொன்னவர்களும் உண்டு. கணினியில் குரலைத் திருத்தும் ப்ளக்-இன்களைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். மின்விசிறியின் முனகலை நீக்க ஒன்று, கூரிய ஓசைகளை மழுக்க ஒன்று, குரலுக்குக் கனம் சேர்க்க ஒன்று. ஹெட்போனில் கேட்டால் அத்தனை இனிமை. எனக்கு முழுத் திருப்தி.

போனில் ஏற்றிக் கொண்டுபோய் அண்ணனிடம் போட்டுக் காட்டினேன். குனிந்து கேட்டார்.

“யாரு, நியூஸ் வாசிக்கிறாங்களா?”

மறுபடி போட்டேன். “ஒண்ணும் வெளங்கலையேம்மா.”

“நல்லாத்தான் இருக்குது. யாரோ பெரிய வூட்டம்மா மாதிரி” என்றார் அக்கா. பொங்கல் முடிந்திருந்தது; மறுநாள் காலை மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

கீழே வந்து ப்ளக்-இன்களை ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்டேன். மழுக்குவதை நிறுத்தியதும் அந்தக் கூர்மை திரும்பி வந்தது. அப்போதுதான் புரிந்தது. அண்ணனின் காதில் மிச்சம் இருந்த கேட்கும் திறனுக்கு ஏற்ப, அக்கா தன் குரலை வருடக்கணக்காகத் தீட்டி வைத்திருக்கிறார். கரடு என்று நான் சீவித் தள்ளியது அதைத்தான். மின்விசிறியின் முனகலை நீக்குவதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

மறுபடி மாடிக்குப் போனபோது அண்ணன் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். புதிய பதிவை அக்காவின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். அக்கா வாயைத் திறக்காமல் அதைத் தொட்டார்.

“இன்னாங்க, சாப்பிட வாங்க.”

“துணிய எடுத்துக்கினு வரேன், இரு” என்றார் அண்ணன், திரும்பாமலே.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இன்றும் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் குரல் மாடியிலிருந்து கேட்கிறது. அண்ணனின் பதிலும் கேட்கிறது. யாருடைய பேச்சையாவது திருத்த உட்காரும்போதெல்லாம், இது யார் காதுக்குப் போய்ச் சேர வேண்டிய குரல் என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.