உப்பில்லாத குடுவையில் சர்க்கரை

மரியகொறற்றி ஒஸ்லோவில் முழுதாக நம்புகிற ஆள் ஒரே ஒருவர்தான். அது மரியகொறற்றி. மன்னாரிலிருந்து வந்தவர், இருபது வருடமாக ஓர் ஆய்வுகூடத்தில் நீலப்பச்சைப்பாசிக்குத் தண்ணீர் கலந்து கொடுக்கிறார். பெயர் எழுதினால் யாராவது எடுத்துவிடுவார்களாம். ஆகவே தன் போத்தல் எதிலும் எழுதமாட்டார். உப்புத் தண்ணீர்ப் போத்தலின் கழுத்தில் மட்டும் ஒரு ரப்பர் வளையம். அந்த அடையாளம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்பது அவருடைய எண்ணம்.

அந்தப் பாசியும் லேசுப்பட்டதல்ல. உப்பு ஏறினால், உடம்பிலுள்ள தண்ணீர் வெளியே போய்விடாமல் உள்ளுக்குள்ளேயே சர்க்கரை செய்து வைத்துக்கொள்ளும். உப்பில்லாவிட்டால் அந்த வேலைக்கே போகாது. இம்முறையோ, உப்பே போடாத குடுவைகளிலும் பாசிக்குள் சர்க்கரை! யாரோ உப்பைக் கலந்துவிட்டார்கள். மூன்று மாத உழைப்பு பாழ்.

வேறு யார், ஆறு மாதத்துக்கு முன் மதுரையிலிருந்து வந்த சாய்தான். அடுத்த வருடம் இருவரில் ஒருவருக்குத்தான் இடம். “அக்கா, லேபிள் ஒட்டிடலாமா? மாறிடப் போகுது” என்று தேனொழுகக் கேட்டவராயிற்றே! கொறற்றி நேரே தலைவர் எட்வேட்டிடம் போய்ச் சாயின் பெயரைச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை எட்வேட் சாயைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த நேரம் பார்த்து, ஆதாரம் தேடி, கொறற்றி சாயின் குறிப்பேட்டைப் புரட்டினார். அதில் எழுதியிருந்தபடி, பாசியைக் குடுவையில் விட்ட மறுநாள் கொறற்றியே எடுத்து உறையவைத்த பரிசோதனை மாதிரியிலும் சர்க்கரை இருந்திருக்கிறது. அந்த இரண்டு நாளும் சாய் துரொண்ட்ஹெய்ம் நகரில் நின்றவர். அப்படியானால் உப்பு முதல் நாளே, கொறற்றி ஊற்றிய தண்ணீரிலேயே இருந்திருக்கிறது.

“மாதாவே!”

குளிர் அறைக்கு ஓடி, போத்தல்கள் அடுக்கிய தட்டின் பின்புறம் துழாவினார். காய்ந்து அறுந்த ரப்பர் வளையம் கையில் அகப்பட்டது. வளையமில்லாத போத்தலை நல்ல தண்ணீர் என்று நினைத்து ஊற்றியவர் அவரேதான். பேசாமலிருந்தால் வேலை அவருக்கே.

எட்வேட்டின் அறைக்குள் போய், சாயின் முன்னாலேயே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

“அப்படியென்றால் அடுத்த வருடம் சாய் இருக்கட்டும்” என்றார் எட்வேட், கொறற்றியைப் பார்க்காமலே.

வெளியே வந்ததும் கொறற்றி சாயை மறித்தார். “தம்பி, நான் உங்களிலை பழி போட்டிட்டன்.”

“தெரியும்க்கா. உப்புப் போத்தலோட ரப்பர் அறுந்து கிடந்ததைப் போன வாரமே பார்த்தேன். இருபது வருஷமா இருக்கீங்க, எப்படிப் போட்டுக் குடுக்கறதுன்னு விட்டுட்டேன்.”

சொல்லாமல் விட்டதில் இவருக்கு என்ன லாபம் என்று கொறற்றியின் மனம் உடனே துருவத் தொடங்கியது. அப்போதுதான் தன்னை நினைத்து அவருக்கு அழுகை வந்தது.