மழை ரீலின் மூன்றாம் பகுதி

பேய் இருக்கிறதா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. நான் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகளைப் பரிசோதிக்கிறவள். கண்ணால் காணாததற்குக் கையெழுத்து வைக்கிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் இது நடந்தது. 2024 ஜூன் 15, சனிக்கிழமை, மாலை 4:52 முதல் 5:34 வரை, சிட்னியில் மெரிலேண்ட்ஸில், என் வீட்டில். நேரங்களை அன்றே குறித்து வைத்தேன்.

என் பெயர் சிவகௌரி. சிறுவயதில் கர்நாடக வயலின் படித்தவள். பதினொரு வருடங்களுக்கு முன், பரமட்டாவில் ஒரு பப்பில், ஞாயிறு பின்னேரம் ஐரிஷ்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பதைக் கேட்டேன். அடுத்த வாரமே வயலினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அந்த வட்டத்தில் இன்னொரு தமிழ் முகம் இருந்தது. கிளமெண்ட். மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவன்; அந்த ஊர் வழக்கப்படி பேச்சின் முடிவில் 'லா' போடுவான். மரப் புல்லாங்குழல் வாசிப்பான். மேல் சுரத்துக்குப் போகுமுன் பல்லிடுக்கால் 'ஸ்ஸ்' என்று மூச்சிழுப்பான். எத்தனை குழல்கள் சேர்ந்து ஒலித்தாலும் அந்த மூச்சை வைத்து அவனைக் கண்டுபிடித்துவிடலாம்.

அங்கே எல்லோரும் ஒரு ரீல் வாசிப்பார்கள். ரீல் என்பது வேகமான ஆட்ட மெட்டு. இரண்டே பகுதிகள், மாறி மாறி வரும். இதன் பெயர் யாருக்கும் தெரியாது. ஒரு மழை நாளில் முதலில் கேட்டதால் நாங்கள் மழை ரீல் என்றோம். அது எங்கிருந்து வந்தது என்று நானும் கிளமெண்டும் ஆறு வருடம் தேடினோம். ஒன்பது ஒலிப்பதிவுகள். ஐந்து அச்சுத் தொகுப்புகள். ஒவ்வொன்றும் முந்தியதைப் பார்த்து அச்சடித்தது. ஒரு அச்சுப்பிழைகூட அப்படியே தொடர்ந்து வந்தது. கடைசியில் 1911இல் வந்த ஒரு புத்தகத்தில் போய் நின்றோம். தொகுத்தவர் மார்ட்டின் லேசி. 'என் சொந்த மெட்டு' என்று அடிக்குறிப்பு.

அவருடைய தங்கை பிரைடி சிட்னிக்கு வந்து வாழ்ந்திருக்கிறார். 1968இல் அவருடைய வீட்டில் பதிவு செய்த ஒரு ஒலிநாடா நூலகத்தில் இருந்தது. அதன் பிரதியை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். இருவரும் சேர்ந்து கேட்பது, பிறகு இருவர் பெயரிலும் ஒரு இசைத்தட்டு செய்வது. அதுதான் எங்களுக்குள் பேச்சு.

அன்று மூன்றரைக்குக் கிளமெண்ட் போன் செய்தான்.

"வர முடியாது லா, கௌரி. காய்ச்சல். நீ கேட்டுட்டுச் சொல்லு."

4:52. தனியாகக் கேட்டேன். 3 நிமிடம் 12 விநாடி. வயலின் மட்டும். முடிந்ததும் ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில், தூரத்திலிருந்து பேசியது. இன்னொரு பகுதி இருக்கிறது, அண்ணனுக்கு அதைக் கொடுக்கவில்லை என்றது.

எனக்குப் புல்லரித்தது. பயத்தால் இல்லை, சந்தோஷத்தால். அப்படியென்றால் ரீல் பிரைடியுடையது! அண்ணன்தான் திருடியிருக்கிறான்.

5:05. மறுபடி போட்டேன். வெளியே குளிர்கால மாலை இருட்டத் தொடங்கியிருந்தது. திரையில் நீளம் 3:40 என்று இருந்தது.

முதலில் சரியாகப் பார்க்கவில்லையோ? நோட்டைப் பார்த்தேன். 3:12 என்று என் கையெழுத்து.

இந்த முறை மூன்றாம் பகுதி வந்தது. ஒன்பது ஒலிப்பதிவிலும் இல்லாதது. கீழே இறங்கி... இன்னும் இறங்கி... திரும்பி வராத ஒரு மெட்டு. அவசரமாகச் சுரங்களை எழுதினேன். பதிவில் யாரோ காலால் தாளம் போடும் சத்தம்.

டக்... டக்... டக்...

பதிவை நிறுத்தினேன்.

டக்... டக்...

என் மேசைக்கு அடியில்.

குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. சத்தமும் நின்றது.

5:19. ஏன் மூன்றாம் முறை போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குரல் முதலிலேயே வந்தது. மிகப் பக்கத்தில்.

"அவனிடம் கொடுக்காதே."

பிறகு வயலின். அதற்குப் பின்னால்... ஒரு குழல்.

மேல் சுரத்துக்கு முன்...

ஸ்ஸ்.

நாடா பதிவானது 1968. கிளமெண்ட் பிறந்தது 1979.

குழல் நின்றது. ஒரு ஆண் குரல். தமிழில்.

"இன்னொரு டேக் போலாம் லா."

5:31. அவனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அவன் மனைவி புஷ்பவல்லிக்கு அடித்தேன்.

"கிளமெண்டுக்குக் காய்ச்சல் எப்பிடி இருக்கு?"

"காய்ச்சலா? காலையிலேயே ஸ்டூடியோவுக்குப் போயிட்டாரே. இசைத்தட்டு வேலை... உனக்குத் தெரியாதா கௌரி?"

5:34. போனை வைத்தேன். அதற்குப் பிறகு எனக்குப் பேய்ப் பயம்கூட இருக்கவில்லை. ஆறு வருடம். ஒவ்வொரு பக்கமும் நான் பிரதி எடுத்து அவனுக்கு அனுப்பியது. விளக்கைக்கூடப் போடாமல் அழுதேன்.

ஓகஸ்டில் இசைத்தட்டு வந்தது. 'தேடித் தொகுத்தவர்: கிளமெண்ட்.' என் பெயர் எங்கும் இல்லை. மழை ரீலைக் கேட்டேன். இரண்டு பகுதிகள் குழலில். பிறகு வயலினில்... மூன்றாம் பகுதி. நான் யாருக்கும் காட்டாத என் நோட்டில் உள்ளபடி, ஒரு சுரம் தப்பாமல்.

அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஏன் இப்பிடிச் செய்தனி?"

அவன் தலை குனிந்தான். "உன்கிட்ட மறைச்சது தப்புதான். ஆனா நீயே ஸ்டூடியோவுக்கு வந்தியே லா. அன்னிக்கு, அஞ்சரைக்கு. என்னை மன்னிச்சிட்டேன்னு நெனச்சேன். ஒரு வார்த்தை பேசலை. அந்த மூணாவது பகுதியை வாசிச்சே, போயிட்டே."

"நான் வரேல்லை."

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு வாசிச்சே, கௌரி. ஒண்ணுதான் எனக்குப் புரியலை. வில்லை ஏன் இடது கையில பிடிச்சே?"

நான் வலது கைக்காரி.

வந்தது பிரைடிதான் என்று நினைத்துக்கொண்டேன். கொடுக்காதே என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதே நேரத்தில் போய்த் தானே கொடுத்திருக்கிறாள். கிளமெண்ட் செய்ததைவிட அதுதான் அதிகம் வலித்தது.

மறுநாள், நாடாவை எனக்கு அனுப்பிய நூலக ஊழியர் தர்சினிக்குப் போன் செய்தேன். பிரைடி இடக்கையால் வாசித்தவரா என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, குறிப்பில அப்பிடித்தான் இருக்கு."

"அவ நாடாவில கதைக்கிறா எல்லே..."

தர்சினி இடைமறித்தாள்.

"அவ கதைச்சிருக்க ஏலாது அக்கா. 1961இல தொண்டையில சத்திரசிகிச்சை. அதுக்குப் பிறகு சாகும்வரை ஒரு சொல்லும் கதைக்கேல்லை. எங்கட நாடாவில வயலின் மட்டும்தான். நீங்கள் என்னத்தைக் கேட்டனீங்கள்? அதை எனக்கு அனுப்புங்கோ."

அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவளே அழைத்தாள்.

"என்னக்கா, பகிடியே விடுறீங்கள்? இதில கதைக்கிறது உங்கட குரல்."